இரவு 3.40-க்குத் தலை சாய்த்தது குற்றமா?

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு செவிலியர், தொழிலாளர் வழக்குகளை நடத்தும் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இதுதான்.

வயது 26. டிப்ளமோ நர்சிங் முடித்துப் பதிவு பெற்றவர். 40 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் 14 மாதமாக வேலை பார்க்கிறார். சம்பளம் 13,500 ரூபாய். மாதத்தில் இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் நைட். நைட் என்றால் இரவு 8 முதல் காலை 8 வரை, வாரத்துக்கு ஆறு இரவு. மொத்தத் தளத்துக்கும் இரண்டு நர்ஸ், ஒரு ஆயாம்மா. ரெஃபரல் கேஸோடு ஒருவர் ஆம்புலன்ஸில் இராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ கிளம்பிவிட்டால் மிச்சம் ஒரே நர்ஸ்தான்.

சம்பவம் நடந்த இரவில் 23 நோயாளிகள். அவர்களில் இருவர் அன்றுதான் ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள். எட்டு மணிக்கு ஓட ஆரம்பித்தவர் 3.40-க்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கூட இருந்த சீனியரிடம் “பத்து நிமிஷம் பாத்துக்கங்கக்கா” என்று சொல்லிவிட்டு மேஜையில் தலை சாய்த்திருக்கிறார். எழுந்தபோது 18 நிமிடம் ஆகியிருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் சிசிடிவியைப் பார்த்த நிர்வாகம் “பணியில் உறங்கியது” என்று மெமோ கொடுத்தது. இரண்டு நாள் சம்பளம் 900 ரூபாய் பிடித்தார்கள். “இனி இதுபோல் நடந்தால் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்” என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். தராவிட்டால் நர்சிங் கவுன்சிலுக்கு எழுதிப் பதிவை ரத்து செய்துவிடுவோம் என்று மிரட்டலும் உண்டு.

அவர் கேட்கும் கேள்விகள் நான்கு. நைட்டில் ஓய்வு கேட்க எனக்கு உரிமை உண்டா? கடிதம் எழுதிக் கொடுக்கலாமா? பதிவை ரத்து செய்ய முடியுமா? நாங்கள் ஐந்து நர்ஸும் ஒரே நாளில் லீவு போட்டால் என்ன?

அன்புள்ள தங்கைக்கு,

நான்கு கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒன்று இருக்கிறது. மெமோ வந்த அடுத்த வாரம், நைட் முடிந்து ஈசிஆரில் ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது கண் செருகி, சாலையோரம் காற்று அடித்துக் குவித்திருந்த மணலில் வண்டி சறுக்கியது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான், வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பயம் தந்த வரி அதுதான். மெமோவுக்குப் பதில் எழுதலாம். பிடித்த பணத்தைத் திருப்பி வாங்கலாம். இதில் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

1997-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று அதில் தெரிந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. நீங்கள் பகல் இரண்டு மணிக்கு எழுந்து இரவு டூட்டிக்குப் போனால், காலை எட்டு மணிக்கு 18 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். ஒரு சொட்டு குடிக்காமலே குடித்தவர் நிலையில் வண்டி ஓட்டுகிறீர்கள் என்றுதான் இதற்கு அர்த்தம். ஆகவே இந்த விவகாரம் முடியும்வரை நைட் வாரங்களில் ஸ்கூட்டரை வீட்டில் வைத்துவிட்டு பஸ்ஸில் போங்கள். பஸ் ஒத்துவராது என்றால், டூட்டி முடிந்ததும் மருத்துவமனையிலேயே எங்காவது அரை மணி நேரம் படுத்து எழுந்து, முகம் கழுவி, அப்புறம் கிளம்புங்கள்.

கூடவே சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம்) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது இருக்க வேண்டும். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தை, நேரமும் இடமும் வேலையோடு பொருந்தி வந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே ஈ.எஸ்.ஐ. திட்டம் எடுத்துக்கொள்கிறது.

இனி உங்கள் கேள்விகள்.

ஓய்வு உரிமையா, சலுகையா?

“எமர்ஜென்சி சர்வீஸ் என்பதால் நர்ஸுக்கு இடைவேளைச் சட்டம் பொருந்தாது என்று எங்கள் மேனேஜர் சொல்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். மேனேஜர் சொன்னது சரியல்ல. ஆனால் எந்த இரவிலும் படுத்துத் தூங்க உரிமை உண்டு என்று உங்கள் தோழி சொன்னதும் சரியல்ல. இரண்டுக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு (2020-ல் நிறைவேறியது), ஒரு தொழிலாளியிடம் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. அதற்கு மேல் வாங்க வேண்டுமென்றால் அவருடைய சம்மதம் வேண்டும்; மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இடைவேளை எவ்வளவு என்பதை அறிவிக்கும் பொறுப்பை மாநில அரசிடம் விட்டிருக்கிறது. பெண்களை இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் வேலைக்கு வைக்க அவர்களின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் தேவை என்பதும் இதே தொகுப்பில்தான் இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். 40 படுக்கை மருத்துவமனை அதற்குள் வராமல் போகாது.

இடைவேளையைப் பொறுத்தவரை, நம் மாநிலத்தின் பழைய சட்டம் ஒன்று தெளிவாகப் பேசுகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947: தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் நடுவில் குறைந்தது 1 மணி நேர ஓய்வு தர வேண்டும். “அது ஜவுளிக்கடைக்கான சட்டம், ஆஸ்பத்திரிக்கு அல்ல” என்று நிர்வாகத்தின் வக்கீல் வாதிடுவார். வாதிட இடமும் இருக்கிறது, ‘நிறுவனம்’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் வரையறை அப்படி. ஆனால் அதே சட்டம், கடை திறக்கும் நேரம், மூடும் நேரம் பற்றிய பிரிவுகளிலிருந்து மட்டும் மருத்துவமனைகளுக்குத் தனியாக விலக்கு கொடுத்திருக்கிறது. மருத்துவமனைக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால் எதற்காக அந்த விலக்கு? நான் வாதாடினால் இங்கிருந்துதான் தொடங்குவேன். இன்னொன்று, 2021-ல் இதே சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார நாற்காலி வேண்டும் என்ற திருத்தம். ஜவுளிக்கடைப் பெண்களை மனதில் வைத்து வந்ததுதான், இருந்தாலும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது அது ஞாபகத்துக்கு வந்தது. எட்டு மணியிலிருந்து 3.40 வரை நீங்கள் உட்காரவே இல்லையே.

உலக அளவில், செவிலியர்களுக்கென்றே சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1977-ல் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. மிகை நேரத்தையும் சேர்த்து ஒரு வேலை நாள் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஓய்வு இடைவேளை வேலை நேரத்துக்குள்ளேயே சேர வேண்டும், இரண்டு ஷிப்டுக்கு நடுவில் குறைந்தது 12 மணி நேரம் விட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதை வைத்து இங்கே வழக்குப் போட முடியாது. பேச்சுவார்த்தையில் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறு இரவு, பன்னிரண்டு மணி நேரம்: வாரத்துக்கு 72 மணி. வாரத்துக்கு 48 மணியை அளவாக வைத்தால் 24 மணி நேரம் மிகை. உங்கள் சம்பளத்தை 26 நாளுக்கும் 8 மணிக்கும் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 65 ரூபாய், இரட்டிப்பாக 130. ஆக, ஒவ்வொரு நைட் வாரத்துக்கும் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் உங்களுக்கு வர வேண்டியிருக்கிறது. சம்பள பாக்கியைக் கேட்க மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு, அதனால் இந்த வாரமே இதைக் கிளப்ப வேண்டாம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். “ஒரு மணி நேரம் இடைவேளை போக 11 மணிதான் டூட்டி” என்று அவர்கள் சொன்னால் ஒரே ஒரு கேள்வி போதும்: அந்த ஒரு மணி நேரம் என் நோயாளிகளை யார் பார்த்தார்கள்? டூட்டி லிஸ்ட்டில் ரிலீவர் பெயர் இல்லையென்றால் அப்படி ஓர் இடைவேளை நடக்கவே இல்லை.

உங்கள் அப்பா சொன்னது

இராமேஸ்வரம் பக்கம் படகில் போகும் உங்கள் அப்பா, மெமோ விஷயம் தெரிந்ததும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: “நாங்க கடல்ல வலைய விட்டுட்டு மாறி மாறித்தான் படுக்கோம். ஒருத்தன் முழிச்சிருப்பான். அம்புட்டுப் பேரும் முழிச்சே கெடந்தா விடியக்காலம் வலை இழுக்க யாரு இருக்கா?”

இதைவிட நன்றாக நான் வாதாட முடியாது. ஆனால் அப்பா சொன்னதில் இரண்டு பாதி இருக்கிறது. நீங்கள் ஒரு பாதியைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். “மாறி மாறி” என்பது யார் எப்போது படுப்பது என்று படகில் ஏறும்போதே எல்லோருக்கும் தெரிந்திருக்கும் ஏற்பாடு. விழித்திருப்பவனுக்குத் தான்தான் காவல் என்று தெரியும். நீங்கள் செய்தது அது இல்லை. “பத்து நிமிஷம் பாத்துக்கங்கக்கா” என்று சொன்னீர்கள். அந்த ஆபரேஷன் நோயாளிகள் இருவரில் யாருக்கு டிரிப் முடியப்போகிறது, யாருக்கு நாலு மணி ஊசி, யாருடைய பி.பி.யைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. பத்து நிமிடம் பதினெட்டு ஆனபோது அந்த அக்கா எழுப்பவும் இல்லை. உங்கள் தரப்பில் பலவீனமான இடம் இதுதான். நான் எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால் இங்கேதான் குத்துவேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், இதைத் தெரிந்துகொண்டு பதில் எழுதுவது நல்லது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, நள்ளிரவு தாண்டி நர்ஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் தலை சாய்த்திருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டவள் நான். அவர் எழுந்து, எதுவும் பேசாமல் வந்து அம்மாவின் டிரிப்பைச் சரி செய்துவிட்டுப் போனார். அவருக்கு அது டபுள் டூட்டி, முந்தின பகலும் அவர்தான் என்று ஆயாம்மா காலையில் சொன்னார். தொழிலாளர் வழக்குகளை நடத்துகிற எனக்கே அன்றைக்கு முதலில் வந்தது கோபம்தான். நோயாளியின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நினைப்பார்கள் என்பதை மனதில் வைத்து நிர்வாகத்திடம் பேசுங்கள். “எங்களுக்குக் களைப்பாக இருக்கிறது” என்பதைவிட, “மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் கண் இருட்டும்போது இன்சுலின் அளவைத் தப்பாகப் படித்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது” என்றால் அவர்கள் காதில் ஏறும். அது உண்மையும்கூட. உடம்பின் உள்கடிகாரம் அந்த நேரத்தில்தான் அடிமட்டத்துக்குப் போகிறது. டீ குடித்தாலும் போகத்தான் செய்யும்.

எழுதிக் கொடுக்கலாமா?

வேண்டாம். அவர்கள் சொல்லும் வாசகத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

“சும்மா ஒரு லெட்டர்தானே, எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும்” என்று உங்கள் அம்மா நினைக்கிறார். எனக்கு அவர் மேல் வருத்தமில்லை, பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் “எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்” என்ற வரி உங்கள் பெர்சனல் ஃபைலில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து நீங்கள் ஓவர்டைம் கேட்கும் நாளில் அதை எழுப்புவார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதம் கையில் இருந்தால் விசாரணை நடத்த வேண்டிய வேலையும் அவர்களுக்கு இல்லை.

அதற்காக மெமோவுக்குப் பதிலே கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள், அதையும் ஒப்புக்கொண்டதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மன்னிப்பும் சண்டையும் இல்லாமல், நடந்ததை மட்டும் சொல்லும் விளக்கம் கொடுங்கள். இப்படி இருக்கலாம்:

“தங்கள் மெமோ கிடைத்தது. குறிப்பிட்ட இரவில் 8 மணி முதல் 3.40 வரை எனக்கு இடைவேளை எதுவும் தரப்படவில்லை. என்னை விடுவிக்க மாற்றுச் செவிலியரும் நியமிக்கப்படவில்லை. பணியில் இருந்த சக செவிலியரிடம் சொல்லிவிட்டு, நர்ஸ் ஸ்டேஷனிலேயே அமர்ந்த நிலையில் சில நிமிடங்கள் தலை சாய்த்தேன். அந்த நேரத்தில் எந்த நோயாளியின் சிகிச்சைக்கும் தடை ஏற்படவில்லை. அன்று இரவு 8 முதல் காலை 8 வரையிலான சிசிடிவி பதிவு முழுவதையும் பாதுகாத்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இனி இரவுப் பணியில் முறையான இடைவேளையும் அந்நேரத்துக்கு மாற்று ஆளும் ஏற்பாடு செய்து தருமாறு வேண்டுகிறேன்.”

இதில் முக்கியமான வரி சிசிடிவி பற்றியது. அவர்கள் உங்களிடம் காட்டியது 18 நிமிடத்தை மட்டும்தான். அதே கேமரா அதற்கு முந்தைய ஏழு மணி நாற்பது நிமிடத்தையும் பதிவு செய்திருக்கிறது. நீங்கள் ஒரு தடவைகூட உட்காரவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறு கிடையாது. கேமரா பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்து மேலேயே புதிது ஏறிவிடும், அதனால் இந்தக் கடிதத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். “சக செவிலியர்” என்று எழுதுவதற்கு முன் அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவருக்கும் ஒரு மெமோ வந்துவிடக் கூடாது. அவர் தயங்கினால் அந்த வாக்கியத்தை எப்படி மாற்றுவது என்று சேர்ந்து பேசலாம். பொய் மட்டும் எழுத வேண்டாம்.

பிடித்த 900 ரூபாய் விஷயத்தில் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, அபராதம் என்று பிடிக்க வேண்டுமானால் எந்தெந்தத் தவறுக்கு என்று முன்பே அரசின் ஒப்புதலோடு அறிவித்திருக்க வேண்டும். பிடிக்கும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 13,500-க்கு 3 சதவீதம் 405 ரூபாய். அவர்கள் கணக்கில் ஒரு நாள் சம்பளமே 450. இரண்டு நாளுக்குப் பிடித்தது எந்தக் கணக்கிலும் நிற்காது. “வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தோம்” என்று சொல்லவும் வழியில்லை. அவர்கள் காட்டும் வீடியோவிலேயே நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள்.

பதிவு ரத்து என்ற பூச்சாண்டி

நர்சிங் கவுன்சில் என்று அவர்கள் சொல்லும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் 1926-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு. உங்கள் பதிவு அங்கே இருக்கிறது, மருத்துவமனையின் மேஜை இழுப்பறையில் இல்லை. புகார் எழுத யாருக்கும் உரிமை உண்டு, நிர்வாகத்துக்கும் உண்டு. ஆனால் குழுமம் உங்களைக் கூப்பிட்டு விசாரிக்காமல் பெயரை நீக்க முடியாது. அப்படி விசாரணை என்று ஒன்று வந்தால் 23 நோயாளிக்கு இரண்டு நர்ஸ் என்ற கணக்கும் அங்கே பேசப்படும். எந்த நிர்வாகமும் அதை விரும்பாது. சர்டிபிகேட் ஒரிஜினல்களை வேலையில் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. அதைத் திருப்பித் தரச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். மெமோ பதிலோடு கலக்க வேண்டாம்.

ஒரே நாளில் லீவு?

இதைப் படித்ததும்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து செய்துவிடாதீர்கள்.

புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஐந்து பேர் என்பது உங்கள் மருத்துவமனை ஆட்களில் பாதி ஆகுமா, ஆகாதா என்ற கணக்கெல்லாம் அப்புறம். அன்றைக்கு இரவு ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேச்சு உங்கள் ஓய்வைப் பற்றி இருக்காது, “நோயாளியைக் கைவிட்ட நர்ஸுகள்” என்றுதான் இருக்கும். அப்போது குழுமத்துக்குப் போகும் புகாருக்குப் பல் இருக்கும். இன்று அதற்குப் பல் இல்லை.

அதே ஐந்து பேர் சேர்ந்து ஒரு மனுவில் கையெழுத்துப் போடுங்கள். சட்டப் பிரிவுகளை அள்ளிக் கொட்டாமல், நடக்கக்கூடிய ஓர் ஏற்பாட்டை எழுதுங்கள். நான் பார்த்த வரையில் நிர்வாகங்கள் “உரிமை” என்ற சொல்லைப் பார்த்தால் விறைத்துக்கொள்கின்றன, “டூட்டி லிஸ்ட்டில் ஒரு மாற்றம்” என்றால் படித்தாவது பார்க்கின்றன. உங்கள் இடத்துக்கு ஏற்றாற்போல் ஒரு மாதிரி:

முதல் நர்ஸுக்கு 12.30-லிருந்து 1.30 வரை, இரண்டாவது நர்ஸுக்கு 2.30-லிருந்து 3.30 வரை இடைவேளை. வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொள்ளலாம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கேஷுவாலிட்டியிலிருந்தோ ஆபரேஷன் தியேட்டரிலிருந்தோ ஒருவர் தளத்துக்கு வர வேண்டும். இடைவேளைக்குப் போகும் முன் நோயாளி வாரியாக, நோட்டில் எழுதி ஒப்படைக்க வேண்டும். இடைவேளையில் தூங்குவதானால் அரை மணி நேரத்துக்குள் அலாரம் வைத்து எழ வேண்டும். எழுந்ததும் நேரே ஊசியை எடுக்காமல் முகம் கழுவி, ஒரு கால் மணி நேரம் நடந்த பிறகே மருந்து டிராலிக்குப் போக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அளவு தப்பும். நீண்ட தூர விமானிகளை வைத்து நாசா செய்த ஆய்வில், 40 நிமிட வாய்ப்புக் கொடுத்தபோது அவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம்தான். அதற்கே விழிப்புநிலை கணிசமாகக் கூடியிருந்தது. நீங்கள் தூங்கிய 18 நிமிடம் அப்படியொன்றும் அதிகமில்லை. ஆம்புலன்ஸில் ஒருவர் போய்விட்ட இரவுகளில் இந்த ஏற்பாடு உடைந்துவிடும். அன்றைக்குக் கூப்பிட வேண்டிய ஆன்-கால் நர்ஸ் யார் என்பதையும் மனுவிலேயே கேளுங்கள்.

“சுப்ரீம் கோர்ட் எல்லா நர்ஸுக்கும் 20,000 சம்பளம் என்று சொல்லிவிட்டதே, அதையும் சேர்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னத் திருத்தம். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னது, இதை ஆராய ஒரு குழு அமையுங்கள் என்று. அந்தக் குழுதான் 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000-க்குக் குறையக் கூடாது, வேலை நேரமும் விடுப்பும் அரசு நர்ஸுகளுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், சட்டமில்லை. மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அதையே தலைப்பாக்கினால் ஓய்வு நேரம் பின்னால் போய்விடும். ஒரு சமயத்தில் ஒரு கோரிக்கை போதும் என்பது என் அனுபவம்.

மனு கொடுத்து இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால், மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தனியார் மருத்துவமனைகளுக்கு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு தருவது மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். ஆள் பற்றாக்குறை பற்றிய பகுதியை அங்கேயும் ஒரு பிரதியாக அனுப்பலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.

அதுவரைக்கும் ஒரு சின்ன டைரி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், எப்போது உட்கார்ந்தீர்கள், எப்போது கிளம்பினீர்கள். டூட்டி லிஸ்ட்டை போட்டோ எடுங்கள், வாட்ஸ்அப்பில் வரும் ஷிப்ட் மெசேஜ்களை அழிக்காதீர்கள். நோயாளிகளின் கேஸ் ஷீட்டை மட்டும் போட்டோ எடுக்கவே எடுக்காதீர்கள். நல்ல வழக்கு அந்த ஒரு போட்டோவால் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

மெமோவுக்கு எத்தனை நாளில் பதில் கேட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தேதியைப் பாருங்கள். நாளைக்கு என்றால் இன்று இரவே மேலே உள்ள வாசகத்தை உங்கள் கையெழுத்தில் எழுதிவிடுங்கள், டைப் அடிக்கக் காத்திருக்க வேண்டாம். அப்புறம், அந்த முழங்கைச் சிராய்ப்பை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நைட் வாரத்தில் காலையில் உங்களைக் கூட்டி வர வீட்டில் யாராவது பஸ் ஸ்டாப் வரை வர முடியுமா என்று அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.